கணக்கு நோட்டில் ஒரு வில்ஸ்

எங்கள் வீட்டில் என்னை நம்பி முதன்முதலாக ஒப்படைத்த வேலை, மாலை ஐந்து மணிக்கு அண்ணாச்சி கடைக்குப் போய் அப்பாவுக்கு இரண்டு சிசர்ஸ் சிகரெட் வாங்கி வருவது. அப்போது எனக்கு ஏழு வயது, ஆண்டு 1975. அப்பா வாய் திறந்து எதையும் சொல்லமாட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டுவார். நான் ஓடுவேன். கையில் காசு தரும் வழக்கம் கிடையாது. அண்ணாச்சியிடம் நீளவாக்கில் ஒரு கணக்கு நோட்டு இருந்தது. அதில் ‘வாத்தியார் வீடு’ என்று எங்களுக்கு ஒரு பக்கம்; மாதம் பிறந்து சம்பளம் வந்ததும் அப்பா போய்க் கூட்டுத்தொகையைப் பார்த்துப் பணம் கொடுத்துவிட்டு வருவார். நான் ‘அப்பாவுக்கு’ என்று மட்டும் சொன்னால் போதும். அண்ணாச்சி இரண்டு சிகரெட்டைச் செய்தித்தாள் துண்டில் சுருட்டிக் கொடுத்துவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நோட்டில் ஒரு வரி எழுதுவார். டவுசர் பையில் வைத்தால் நசுங்கிவிடும் என்பதால், சிட்டுக்குருவிக் குஞ்சைப் பிடித்ததுபோல் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்திக்கொண்டு திரும்பி வருவேன்.

தாமிரபரணிக் கரையில், முக்கூடல் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. கடை, பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவருக்கு நேர் எதிரே, எங்கள் திண்ணையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் இருந்தது. அந்தக் காலத்துப் பெட்டிக்கடைகளில் எதை மறந்தாலும் கயிற்றை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். கடைத் தூணில் ஒரு தென்னங்கயிறு தொங்கும். அதன் அடிநுனி காலையில் கடை திறப்பதிலிருந்து இரவு கடை அடைக்கும்வரை கனிந்துகொண்டே இருக்கும். பீடியோ சிகரெட்டோ வாங்கியவர் அதை உதட்டில் வைத்துக்கொண்டு, கயிற்று நுனியைத் தூக்கி, சாம்பலைச் சுண்டிவிட்டு, பற்றும்வரை இரண்டு இழுப்பு இழுப்பார். தீப்பெட்டிக்குத் தனியாகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் கயிறு நமுத்துப்போனால், அண்ணாச்சி ஒரு சின்னச் சிமினி விளக்கை ஏற்றி வைத்து, காலி சிகரெட் அட்டையைக் குச்சி குச்சியாக நறுக்கி ஒரு டப்பாவில் போட்டு வைப்பார். ஒரு குச்சியை விளக்கில் காட்டிப் பற்றவைத்துக்கொள்ள வேண்டியதுதான். மின்சாரம் நின்றுபோன இரவுகளில், கடை திறந்திருக்கிறதா என்று அப்பா திண்ணையிலிருந்தே சொல்லிவிடுவார். இருட்டில் அந்தச் சிவப்புப் புள்ளி தெரிந்தால் கடை உண்டு.

ஒரு குழந்தையிடம் புகையிலையைக் கொடுத்தனுப்புவதில் தவறு இருக்கிறது என்று அந்தத் தெருவில் யாருக்கும் தோன்றியதில்லை. பள்ளிக்கூடத்திலேயே பெரிய வகுப்புப் பையன்களை ஆசிரியர்கள் அதே கடைக்கு அனுப்புவார்கள். அப்படி அனுப்பப்படுவது ஒரு கௌரவம், ‘சார் என்னத்தான் அனுப்புவாரு’ என்று சொல்லிக்கொள்வோம். பள்ளி விடுமுறைக்கு அம்பாசமுத்திரத்தில் இருக்கும் ஆச்சி வீட்டுக்கு என்னைத் தனியாகத்தான் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள். அம்மா கண்டக்டரிடம், ‘வாத்தியார் மகன், ஆர்ச்சுக்கிட்ட இறக்கிவிட்டுருங்க அண்ணாச்சி’ என்பாள். அவர் பெயர் அம்மாவுக்குத் தெரியாது, என் பெயரை அவர் கேட்டதும் இல்லை. என்னை ஒரு பெரியவர் பக்கத்தில் உட்காரவைப்பார்; அந்தப் பெரியவர், ‘புகை பிடிக்காதீர்’ என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும் தகரத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து பீடி வலித்துக்கொண்டே, வழி நெடுக எனக்கு ஊர்ப்பெயர்களைச் சொல்லிக்கொண்டு வருவார். இறங்க வேண்டிய இடத்தில் கண்டக்டர் மறக்காமல் இறக்கிவிடுவார். முன்பின் அறியாத மனிதர்கள்மேல் வைத்த அந்த நம்பிக்கையும், என் முகத்துக்கு முன்னே மிதந்த அந்தப் புகையும் என் நினைவில் பிரிக்க முடியாதபடி ஒரே காட்சியாகவே பதிந்திருக்கின்றன. டூரிங் கொட்டகையில் படம் ஓடும்போது புரொஜெக்டர் வெளிச்சம் புகைக்குள் புகுந்து நீலத்தூணாக நிற்பதைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். அது சினிமாவின் பாகம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன்.

சிகரெட் எங்களுக்கு விளையாட்டுப் பொருளாகவும் இருந்தது. காலிப் பெட்டிகளைப் பொறுக்கி, முன்புறத்தையும் பின்புறத்தையும் கிழித்துச் சீட்டாக்கி, தரையில் வட்டம் போட்டு அதற்குள் அடுக்கிவைத்து, தூரத்திலிருந்து சில்லை எறிந்து வெளியே தள்ள வேண்டும். தள்ளியதெல்லாம் நமக்கு. ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு மதிப்பு உண்டு: தெருவில் மலிந்து கிடந்த சிசர்ஸும் சார்மினாரும் சில்லறை, வில்ஸ், கோல்டு ஃபிளேக் இரண்டும் அதற்கு மேலே, யாராவது வெளிநாட்டிலிருந்து வந்தவர் வீசிய பெட்டி ஒன்று கையில் இருந்தால் அவன்தான் அந்த வாரத்து ராஜா.

அந்த அட்டைகளில்தான் ஒரு நாள் புதிதாகச் சில ஆங்கில எழுத்துகள் தென்பட்டன. சிகரெட் பெட்டிகளில் எச்சரிக்கை வாசகம் அச்சிட வேண்டும் என்ற சட்டம் 1975-இல் இயற்றப்பட்டு, 1976 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்திருந்தது. எனக்கு அதெல்லாம் தெரியாது. மூன்றாம் வகுப்பில் ஆங்கில எழுத்துக் கூட்டப் பழகிக்கொண்டிருந்தேன், அவ்வளவே. ‘இஞ்சூரியஸ்’ என்ற சொல்லை அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அந்தச் சொல்லை மூன்றாகப் பிரித்து உச்சரித்துக் காட்டி, கேடு விளைவிப்பது என்று பொருள் சொல்லி, ‘சிகரெட் குடித்தல் உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கும்’ என்று முழு வாக்கியத்தையும் மொழிபெயர்த்து, என்னைத் திருப்பிச் சொல்லவும் வைத்தார். அத்தனையும் முடிகிறவரை அவர் கையில் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது. அவரிடம் பாசாங்கு ஏதும் இல்லை. பாடத்தை நடத்துவது வேறு, வாழ்வது வேறு என்பதில் அவருக்கு எந்த உறுத்தலும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பிரிட்டனில் ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் என்ற ஆய்வாளர்கள் இருவர் புகைப்பழக்கத்தையும் நுரையீரல் புற்றுநோயையும் இணைத்து ஆய்வு வெளியிட்டது 1950-இல். அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை வெளிவந்தது 1964-இல். அந்தச் செய்தி எங்கள் ஊருக்கு வந்தபோது, படிக்கத் தெரிந்த பெரியவர்கள் யாரும் படிக்காத ஒரு மூலையில், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் வந்தது. பெரும்பாலோர் ஒன்று, இரண்டு என்று சில்லறையாக வாங்கியதால் பெட்டியே அவர்கள் கைக்குப் போகாது. அது அண்ணாச்சியிடமிருந்து நேராக எங்கள் வட்டத்துக்குள் வந்து விழும். அந்த எச்சரிக்கையை ஊரில் ஊன்றிப் படித்தவர்கள் எட்டு வயதுப் பையன்கள் மட்டுமே.

பீடிக்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது. 1975-ஆம் ஆண்டுச் சட்டம் சிகரெட்டுக்கு மட்டுமானது. அதனால் பீடி, ஏதோ கடலைமிட்டாய் போல, சிவப்புத் தாளில் சுற்றிய சாதுப் பொருளாகவே எங்களுக்குத் தோன்றியது. தவிரவும் பீடி எங்கள் வீட்டுச் சோறு. விதவையாகி எங்களோடு வந்துவிட்ட அத்தை, அந்தப் பகுதியின் ஆயிரக்கணக்கான பெண்களைப் போலவே, காலை எழுந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றினாள். இரவே நனைத்துத் துணியில் சுற்றிவைத்த இலையை, தகர அளவை வைத்துக் கத்தரியால் வெட்டுவாள். வெட்டிய இலையில் ஒரு சிட்டிகை தூளைப் பரப்பி, இரண்டு கை விரல்களாலும் உருட்டி, அடியை மடக்கி, நூலைச் சுற்றி அறுப்பாள். இதை எழுத எனக்கு எடுத்த நேரத்தில் அவள் நான்கைந்து சுற்றிவிடுவாள். தலை மடக்குவது பிள்ளைகள் வேலை. இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். பெண் பார்க்க வருகிறவர்கள், பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்பதற்கு முன்னால், ஒரு நாளைக்கு எத்தனை பீடி சுற்றுவாள், பீடிக் கடையின் பாஸ் புத்தகம் இருக்கிறதா என்று கேட்ட ஊர் அது. அத்தை வாழ்நாளில் ஒரு பீடியும் புகைத்ததில்லை. ஆனால் அவள் பிசைந்து தரும் சோற்றில்கூட லேசாகப் புகையிலை மணக்கும். அவளுக்கு எப்போதும் ஒரு வறட்டு இருமல் இருந்தது. அது அவள் குரலின் ஒரு பகுதி என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அந்தக் காலத்தில் மனிதர்கள் ஒருவரையொருவர் நம்பினார்கள் என்று என் வயதுக்காரர்கள் பேசத் தொடங்கும்போதெல்லாம் எனக்கு அத்தையின் மாலை நேரம் நினைவுக்கு வந்துவிடுகிறது. அண்ணாச்சியின் நோட்டில் எங்கள் பக்கத்தை யாரும் சரிபார்த்ததில்லை. அவர் எழுதியது கணக்கு. அதே தெருவின் கோடியில் இருந்த பீடிக் கடையில், அத்தையின் பாஸ் புத்தகத்தில் ஒவ்வொன்றும் எண்ணப்பட்டது. இலையை எடை போட்டுத்தான் தருவார்கள். அந்த எடைக்கு இத்தனை பீடி வந்தாக வேண்டும். இலை பொத்தலாக இருந்தாலும் குறைந்தது அவள் பொறுப்பு; கைக்காசு போட்டு இலை வாங்கி ஈடுகட்ட வேண்டும். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு கட்டையும் கையில் உருட்டிப் பார்த்து, பிடிக்காததைக் கழிவு என்று ஒதுக்கிவிடுவார். கழித்த பீடிக்குக் கூலி கிடையாது. பீடியும் திரும்பி வராது. ஒரு நாள் அவர் ஒதுக்கிய இரண்டு கட்டுகளை அத்தை திருப்பிக் கேட்டதற்கு, ‘நம்பாதவங்க வேற கடை பாத்துக்கிடலாம்’ என்றார் என்பதை அவள் வீட்டுக்கு வந்து சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாதச் சம்பளம் வாங்கிய தம்பியின் சொல்லுக்கு இருந்த மதிப்பு, அவரைவிட அதிக நேரம் உழைத்த அக்காவின் சொல்லுக்கு அதே தெருவில் இல்லை. பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று 1966-இலேயே ஒரு தனிச் சட்டம் வந்துவிட்டது என்பதை நான் கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்துகொண்டேன். நம்பிக்கை நிறைந்த காலம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வது, சரியாகச் சொன்னால், வாத்தியார் வீட்டுப் பக்கத்தில் மட்டும் எழுதப்பட்டிருந்த காலம்.

அந்தப் பக்கத்தை நான் பாழாக்கியது 1979-இல், பதினொரு வயதில். வழக்கம்போல் அப்பா இரண்டு விரல் காட்டினார். நான் கடைக்குப் போய், இரண்டு சிசர்ஸும் ஒரு வில்ஸும் என்றேன். வில்ஸ் எதற்கு என்று இப்போது கேட்டால், நுனியில் பஞ்சு வைத்திருக்கும், ஆகவே காறாது என்று வகுப்பில் ஒருவன் சொன்னது காரணம். அண்ணாச்சி என்னை ஒரு கணம் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. மூன்றையும் ஒரே தாளில் சுருட்டிக் கொடுத்தார். வீட்டில் இரண்டைக் கொடுத்துவிட்டு, மூன்றாவதை ஆற்றங்கரைப் படித்துறைக்குக் கொண்டுபோய், வீட்டு அடுப்படியிலிருந்து எடுத்துவந்த தீப்பெட்டியால் பற்றவைத்து, இருமி, கண்ணில் நீர் வந்து, பாதியிலேயே தண்ணீரில் எறிந்தேன். யாரும் பார்க்கவில்லை. வாயைக் கொப்பளித்து, கொய்யா இலையை மென்று, வெற்றியோடு வீடு திரும்பினேன்.

மாதம் பிறந்தது. அப்பா கணக்குத் தீர்க்கப் போனார். அன்று நானும் கூடப் போயிருந்தேன். நோட்டில் வரிசையாக ‘சி 2, சி 2, சி 2’ என்று இறங்கிக்கொண்டிருந்த பென்சில் எழுத்துக்கு நடுவில் ஒரே ஓர் இடத்தில் ‘சி 2, தம்பி வில்ஸ் 1’ என்று இருந்தது. அண்ணாச்சி அதை என்னிடமும் கேட்காமல் அப்பாவிடமும் சொல்லாமல் எழுதி வைத்திருந்தார். கணக்கில் ஒன்றை மறைப்பது அவருக்குத் தெரியாது. ஒருவர் பிள்ளையைப் பற்றிக் கோள் சொல்வதும் தெரியாது. அப்பாவின் விரல் அந்த வரியில் நின்றது. பிறகு கீழே இறங்கியது. பணத்தை எண்ணிக் கொடுத்தார். வீடு வரும்வரை, ஏன், அதற்குப் பிறகும் எப்போதும், அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. மறுநாள் மாலை சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மறுபடி அதை எடுத்துப் போட்டுக்கொண்டு தாமே கடைக்கு நடந்தார். அதன்பின் என்னைப் பார்த்து அவர் இரண்டு விரல் காட்டவே இல்லை. பிரம்பை எடுத்து விளாசியிருந்தால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும்.

சிகரெட் எங்கள் வீட்டை விட்டு வெளியேறிய கதையை ஆண்டுகளால் சொல்வதைவிட இடங்களால் சொல்வது எளிது. முதலில் அது கூடத்து ஊஞ்சலில் இருந்தது. தங்கைக்குக் குழந்தை பிறந்து அவள் தாய்வீடு வந்தபோது, பிள்ளைக்கு ஆகாது என்று அம்மா சொல்லித் திண்ணைக்குப் போனது. எனக்குக் கல்யாணமாகி மருமகள் வந்ததும் திண்ணையிலிருந்து கொல்லைப்புறத்துக் கிணற்றடிக்கு நகர்ந்தது. பேரன் பேசத் தொடங்கி, ‘தாத்தா நாறுது’ என்று சொன்ன அன்று தெருமுனைக்குப் போய்விட்டது. யாரும் சண்டை போட்டு விரட்டவில்லை. அப்பாவே ஒவ்வொரு முறையும் ஒரு படி இறங்கிக்கொண்டார். ஒரு காலத்தில் திண்ணைக்கு வரும் விருந்தாளிக்குக் காப்பியோடு சிகரெட்டையும் நீட்டிய மனிதர், கடைசியில் மின்கம்பத்தின் மறைவில், தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புகைத்தார்.

வெளியுலகமும் அதே கதியில் நகர்ந்துகொண்டிருந்தது. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம்; அங்கே உயர் நீதிமன்றம் பொது இடங்களில் புகைப்பதைத் தடைசெய்து 1999-இல் தீர்ப்பளித்தபோது, இதெல்லாம் நடக்கிற காரியமா என்று எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் பீடியோடு சிரித்தார்கள். 2001-இல் உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, பேருந்து, ரயில், நூலகம், நீதிமன்றம் ஆகியவற்றில் நாடு முழுவதற்கும் தடை விதித்தது. 2003-இல் புகையிலைச் சட்டம் வந்தது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது. கல்வி நிலையத்திலிருந்து நூறு கஜத்துக்குள் விற்கவே கூடாது. அண்ணாச்சி கடைக்கும் பள்ளிக்கும் நடுவில் இருந்தது ஒரு வண்டி போகும் தெரு. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைத்தால் இருநூறு ரூபாய்வரை அபராதம். 2009-இல் படத்தோடு எச்சரிக்கை வந்தது. இம்முறை பீடிக் கட்டிலும் வந்தது. இந்தியக் கிரிக்கெட் வீரர்கள் வில்ஸ் என்ற எழுத்தை மார்பில் தாங்கி ஆடியதையும், 1996 உலகக் கோப்பையே வில்ஸ் பெயரில் நடந்ததையும் இன்று என் மகனிடம் சொன்னால் நம்ப மறுக்கிறான். மத்திய அரசின் புகையிலைக் கணக்கெடுப்பில், புகைப்பவர்களின் பங்கு 2009-10-இல் பெரியவர்களில் 14 விழுக்காடாக இருந்து 2016-17-இல் 10.7 விழுக்காடாகக் குறைந்திருந்தது. அப்போதும் சிகரெட்டைவிடப் பீடியே அதிகம். அந்தப் பீடியை இன்னமும் யாரோ ஓர் அத்தை சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

இந்தச் சட்டங்கள் அத்தனைக்கும் நான் ஆதரவானவன். அண்ணாச்சி எனக்கு மூன்று சிகரெட்டைச் சுருட்டிக் கொடுத்தது, நான் யார் பிள்ளை என்று அவருக்குத் தெரியும் என்பதால்தான். என்னைக் காட்டிக் கொடுத்ததும் அதனால்தான். இன்றைய கடைக்காரருக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ள அவருக்கு நேரமும் இல்லை. ஆகவே வயதைக் கேட்கச் சொல்கிறது சட்டம். யார் பிள்ளை என்று தெரிந்திருந்தது அப்பாவின் நுரையீரலையோ அத்தையின் நுரையீரலையோ காப்பாற்றவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அத்தை 2004-இல் போனாள், அந்த இருமலோடு. அப்பா 2011-இல் மூச்சுத்திணறலில் விழுந்து, பாளையங்கோட்டையில் மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய அன்றோடு சிகரெட்டை விட்டார். ஐம்பது வருஷப் பழக்கத்தை ஒரே நாளில் விட்டார், அதைப் பற்றியும் எதுவும் பேசாமல்.

2016-ஆம் ஆண்டு, மழைக்காலம் முடிந்த சமயம். நான் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. கட்டிலைத் தெருப்பக்கத்து ஜன்னலோரம் போட்டிருந்தோம். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே இருப்பார். மாலை ஐந்து, ஐந்தரை இருக்கும். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். ‘ஏல’ என்றார். திரும்பினேன். என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார்.

முப்பத்தேழு வருடம் கழித்து என்னைக் கடைக்கு அனுப்புகிறார். மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். கடையில் அண்ணாச்சியின் பேரன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ‘என்ன சார் வேணும்?’ என்றான், யார் என்று தெரியாமல். கயிறு தொங்கிய தூண் போய் இரும்புக் குழாய் நின்றது. அதில் ஒரு பிளாஸ்டிக் லைட்டரைச் சணலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அலமாரியில் சிகரெட் பெட்டிகள் அந்தப் படத்தை முன்னால் காட்டியபடி அடுக்கியிருந்தன. அவ்வாண்டு ஏப்ரலிலிருந்து பெட்டியில் 85 விழுக்காடு இடம் எச்சரிக்கைக்கு என்றாகிவிட்டிருந்ததால், எது எந்தக் கம்பெனி என்று உற்றுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சிசர்ஸ் கண்ணில் படவில்லை. ஒரு வில்ஸ் கேட்கலாம். கேட்கவில்லை. பையன் மறுபடி தலையைத் தூக்கிப் பார்த்தபோது, ஒன்றுமில்லை தம்பி என்று திரும்பி நடந்தேன்.

‘கடை அடைச்சிருக்குப்பா’ என்றேன்.

அப்பா ஜன்னல் வழியே பார்த்தார். பொழுது இருட்டிக்கொண்டிருந்தது, எதிர்ச்சாரியில் அண்ணாச்சி கடையின் குழல்விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, ‘சரி’ என்றார். அப்புறம், முதுகுக்கு அடியில் தலையணை நழுவியிருப்பதைச் சரிசெய்யச் சொன்னார்.